மாமா மேற்பார்வையில் ஒரு புகைபோக்கி

அக்டோபர் 28

மருமகளே,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. ஊர் உலகத்தில் எவருமே நம்பமாட்டார்கள். எழுதும்போதே பேனாவுக்குச் சந்தேகம் வந்து இரண்டு முறை நின்றுவிட்டது. ஆனாலும் என் மீசையின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன்: பின்வரும் வரலாற்றில் ஓர் எழுத்துகூடக் கலப்படம் இல்லை.

மலையைக் குடைந்து பாதை போடும் முகாமுக்கு நீ கிளம்பிய அன்று, உன் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்து என்ன சொன்னாய்? "ஜனவரியில குழந்தை பொறந்துடும் மாமா. டிசம்பர் நடுவுல வந்துடுவேன். அதுக்குள்ள முன்னறைக் கணப்பை நல்ல ஆளாப் பாத்துக் கூப்பிட்டு சரிபண்ணி வைங்க. குளிர்ல அந்த ஒரு அறைதான் சூடேறும், குழந்தையை அங்கேதான் படுக்க வைக்கணும்." நான் தலையாட்டினேன். ஆட்டிய வேகத்தில் கழுத்து சுளுக்கிக்கொண்டது, அது வேறு கதை.

நேற்று கணப்பில் நாலு கட்டையை அடுக்கிப் பற்றவைத்தேன். எழுந்தது தீயல்ல, படையெடுப்பு. புகைபோக்கிக்குள் 'ஓ'வென்று ரயில் மலையேறும் சத்தம். மேசைமேல் இருந்த செய்தித்தாள் தானே நடந்துபோய் நெருப்பில் விழுந்தது. என் இடது புருவம் இன்னும் வீடு திரும்பவில்லை.

உடனே சிம்னிக்காரரை வரவழைத்தேன். கடைத்தெருவில் பலகை மாட்டி வைத்திருக்கிற ஆள். புகைபோக்கி துடைக்கிற கம்பும் இவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எது எது என்று தெரியாது, அவ்வளவு ஒல்லி.

"தீ எவ்ளோ ஒசரம் வருது சார்?" என்றார்.

"பக்கத்துல ஒரு யானையை நிறுத்தினா காது கருகும்ப்பா."

மனிதர் சிரிக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார், கம்பை விட்டுக் குடைந்தார், கரியை மூட்டை கட்டினார். அந்த மூட்டையை வாசலில் வைத்ததும் பொழுது சாய்ந்துவிட்டதென்று தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்தன. பிறகு கணப்பின் தொண்டையில் இருக்கும் இரும்புத் தகட்டைப் பாதி மூடி, அசையாமல் திருகாணி போட்டார்.

"இழுப்பு ஜாஸ்தி சார். பாதி போதும். இனிமே உங்க புருவத்துக்கு நான் பொறுப்பு."

குழந்தை அறை முக்கால்வாசி தயார். நிம்மதியாகச் சுரங்கம் வெட்டு.

உன் அம்மாவுக்கு வாய்த்த ஒரே உத்தமத் தம்பி,
மாமா

நவம்பர் 4

மாமா,

கடிதம் வந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். நெருப்பு எரிந்தது என்பதைத் தவிர எதை நம்புவது என்று தெரியவில்லை.

போன வருஷம் குளியலறையில் முதலை என்று எழுதினீர்கள். நான் பதறிப்போய் இங்கிருந்து ஆள் அனுப்பி வனத்துறைக்குச் சொன்னேன். அவர்கள் வலையும் கயிறுமாக வந்து பார்த்தால் பல்லி. அதுவும் குட்டிப் பல்லி. அந்த அதிகாரி இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அதனால்தான் கேட்கிறேன். தீ நிஜமாகவே எகிறியதா, இல்லை எல்லா வீட்டிலும் எரிவதுபோல எரிந்ததா? தகட்டை அவர் எதைப் பார்த்து மூடினார்? கணப்பைப் பார்த்தா, உங்கள் யானையைக் கேட்டா?

என்னிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கதை அளந்துகொள்ளுங்கள். வேலைக்கு வருகிறவரிடம் அளக்காதீர்கள். நீங்கள் சொல்கிற நோய்க்குத்தான் அவர் மருந்து கொடுப்பார். எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்துவிடுங்கள். வேறு யாரையாவது கூப்பிட்டே ஆக வேண்டுமென்றால், முதலில் வந்தவர் என்ன செய்தார் என்பதையாவது சொல்லுங்கள்.

இங்கே போன் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஜீப்பில் போகிற தபால்தான். டிசம்பர் பதினைந்துக்குப் பிறகு ஜீப்பில் ஏறவே கூடாது என்று முகாம் டாக்டர் சொல்லிவிட்டார். அறை தயாராகவில்லையென்றால் குழந்தை இந்தத் தகரக் கொட்டகையில்தான் பிறக்கும். விளையாடாதீர்கள் மாமா.

நவம்பர் 12

மருமகளே,

உன் கடிதத்தில் 'கதை அளக்காதீர்கள்' என்று ஒரு வரி பார்த்தேன். வேறு யாருக்கோ எழுதியதைக் கைதவறி எனக்கு அனுப்பிவிட்டாய் என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டேன்.

ஒரே ஆளிடம் ஒப்படை என்கிறாய். அங்கேதான் உனக்கு உலகம் தெரியவில்லை. சிம்னிக்காரர் என் கதையைக் கேட்டுவிட்டார். கேட்டவரிடமே திரும்பச் சொன்னால் வாய் புளித்துப்போகும். புது ஆள் என்றால் புதுக் காது. ஆகவே மழை வந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

மழையா அது? புகைபோக்கி வழியாக அருவி கொட்டியது. தவளைகள் குடும்பம் குடும்பமாக இறங்கின. அதில் பெரியது உன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, 'நீ யாரய்யா இங்கே?' என்பதுபோல என்னைப் பார்த்தது.

கொத்தனார் நல்ல கனமான மனிதர். அவர் ஏறியதும் ஏணி முனகியது.

"அவ்ளோ தண்ணியாங்க வருது?"

"ஓடம் விடலாம்."

"ஓடமா." கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "அப்ப உச்சியில ஒரு கல்லுப் பலகை போட்டு மூடிடறேங்க. ஓரத்துல சன்னமா சந்து விட்டா புகை போயிடும். ஆனா கீழ தகடு நல்லா தொறந்திருக்கணும். தொறந்துதான இருக்கு?"

"தகடா? இழுக்கற இழுப்புல அது எப்பவோ பிச்சுக்கிட்டுப் பறந்துபோச்சுப்பா."

"அப்ப சரிங்க" என்று மேலே போனார்.

கல் உட்கார்ந்துவிட்டது. இனிமேல் மழையென்ன, மேகமே வந்து படுத்தாலும் ஒரு சொட்டு இறங்காது. குழந்தை அறை இப்போது முக்காலே அரைக்கால் தயார்.

மாமா

நவம்பர் 18

மாமா,

எனக்குத் தலை சுற்றுகிறது. முதல் கடிதத்தில் தகடு பாதி மூடியிருக்கிறது. இரண்டாவதில் பறந்துபோய்விட்டது. கொத்தனாரிடம் சொன்னது பொய்யா, என்னிடம் சொன்னது பொய்யா, இரண்டுமா?

கீழே மூன்றே கேள்வி. அலங்காரம் இல்லாமல் பதில் சொல்லுங்கள்.

தகடு இப்போது இருக்கிறதா?

மழைத் தண்ணீர் நிஜமாக உள்ளே வந்ததா? வந்ததென்றால் வாளியளவா, டம்ளரளவா?

கல்லைப் போட்ட பிறகு நெருப்பு மூட்டிப் பார்த்தீர்களா? புகை மேலே போனதா, அறைக்குள் திரும்பியதா?

நவம்பர் 24

மருமகளே,

பதில் இதோ. முதல் கேள்விக்கு, ஆம். இரண்டாவதற்கு, இல்லை. மூன்றாவதற்கு, இரண்டும். திருப்திதானே?

இதற்கிடையில் ஒரு சூறாவளி. ஜன்னல் இடுக்கு வழியாக நுழைந்த காற்றில் உன் பூப்போட்ட திரைச்சீலை கழன்று, தெருத்தெருவாகப் பறந்து, கடைசியில் நம் தபால்காரம்மா அதைப் பிடித்து, "உங்களுக்குத்தாங்க பார்சல்" என்று கொண்டுவந்து கொடுத்தார். இதைக் கேட்டதும் தச்சர் கண்கலங்கிவிட்டார். தச்சரை அறிமுகப்படுத்த மறந்துவிட்டேன். மூன்றாவது ஆள். உளியைக் காதில் செருகிக்கொண்டு திரிகிறவர், வாய்க்குள் எப்போதும் ஆணி. ஆணிகளுக்கு நடுவிலேயே பேசுவார்.

ஜன்னலுக்கெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டினார். கதவின் அடியில் கம்பளித் துணி அடித்தார். கணப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்னக் காற்றுத் துவாரம் இருக்குமே, அதைப் பார்த்து, "இது எதுக்குங்க?" என்றார்.

"அது எலிகளோட ராஜபாட்டைப்பா. பட்டத்து எலி பல்லக்குல வரும்."

அதன் மேலும் ஒரு பலகையை வைத்து ஆணியடித்துவிட்டார். "இனிமே ஒரு கொசு உள்ள வரணும்னாலும் உங்களைக் கேட்டுட்டுத்தான் வரணும்" என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, அறை என்ன சூடு தெரியுமா? நேற்று நெருப்பு மூட்டிவிட்டு உன் நாற்காலியில் சாய்ந்தேன். அப்படி ஒரு தூக்கம். எழுந்தபோது தலைக்குள் ஒரு கொல்லன் பட்டறை போட்டிருந்தான். சுவர்க்கடிகாரத்துக்கு இரண்டு முகம், இரண்டிலும் வேறு வேறு நேரம். எதை நம்புவது என்று தெரியாமல் வாசலில் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் கொல்லன் கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டான். உள்ளே வந்தேன், மறுபடி திறந்துவிட்டான்.

எப்படியோ, குழந்தை அறை முழுசாகத் தயார்.

மாமா

நவம்பர் 28

மாமா,

மூன்று பேர், மூன்று கதை. சரி, எல்லாம் முடிந்ததே, அதுவே போதும். இந்த முறை கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கொட்டகைப் பெண் வந்து எட்டிப் பார்த்தாள்.

தலைக்குள் கொல்லனா? டாக்டர் எழுதிக்கொடுத்த புதுக் கண்ணாடியை இன்னும் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பீர்கள். முதலில் அதை எடுத்துப் போடுங்கள்.

பதினைந்தாம் தேதி ஜீப்பில் இடம் சொல்லிவிட்டேன். தொட்டிலை மச்சிலிருந்து இறக்கித் துடைத்து வையுங்கள்.

என் மூன்று கேள்விக்கு நீங்கள் சொன்ன பதில் மட்டும் எனக்கு இன்னும் புரியவில்லை. ஏதோ ஒன்று இடிக்கிறது. என்னவென்று பிடிபடவில்லை. அசதியாக இருக்கும்.

நவம்பர் 31

மருமகளே

தொட்டில் இறக்கினேன். கணப்புக்கு எந்தப் பக்கம் போடுவது என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் போட்டேன். பிறகு அந்தப் பக்கம்.

தேநீர் போட்டேனா என்று ஞாபகம் இல்லை. கோப்பை இரண்டு இருக்கிறது. இரண்டிலும் தேநீர் இருக்கிறது. யாராவது வந்தார்களா.

தலை வலிக்கிறது. காலையில் வாந்தி. ஜன்னலைத் திறக்கலாம் என்று எழுந்துபோனேன். எதற்கு வந்தோம் என்று மறந்துபோய்த் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

உனக்கு ஒரு கதை எழுத நினைத்தேன். வரவில்லை. தபால்காரம்மா வந்ததும் இதைக் கொடுக்க வேண்டும்.

மாமா

டிசம்பர் 5

(உறையின் மேல், சிவப்பு மையில்: தபால்காரம்மா, இதைப் பெட்டியில் போடாதீர்கள். கதவைத் தட்டுங்கள். திறக்காவிட்டால் தள்ளிக்கொண்டு உள்ளே போங்கள். மாமாவை வெளியே இழுத்து வந்துவிட்டு அப்புறம் கடிதத்தைக் கொடுங்கள். இது விளையாட்டில்லை. எழுதுவது அவரில்லை, அவர் மருமகள்.)

மாமா,

தெருவில் நின்று இதைப் படியுங்கள். உள்ளே இருந்து படிக்காதீர்கள்.

நவம்பரில் முப்பத்தோராம் தேதி கிடையாது. தேதியைப் பார்த்ததும் வழக்கமான குறும்பு என்று நினைத்தேன். அப்புறம் கடிதத்தைப் படித்தேன். அதில் ஒரு புளுகுகூட இல்லை.

சுரங்கத்துக்குள் இயந்திரப் புகை தேங்கினால் எங்களுக்கும் இப்படித்தான். தலைவலி வரும், தூக்கம் வரும், வாந்தி வரும், எதற்கு நடந்தோம் என்பதே மறந்துபோகும். வெளிக்காற்றுக்கு வந்தால் சரியாகும், உள்ளே போனால் திரும்பவும் வரும். கெட்ட காற்றுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. உங்கள் கொல்லன் அதுதான். பத்து நாளுக்கு முன்பே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், நான் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன்.

நேற்று உங்கள் கடிதங்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். யானையை நம்பி ஒருவர் தொண்டையைப் பாதி மூடினார். ஓடத்தை நம்பி ஒருவர் உச்சியை மூடினார். எலியை நம்பி ஒருவர் காற்று வரும் வழியை அடைத்தார். தனித்தனியாகப் பார்த்தால் யார் மேலும் தப்பில்லை. அவரவர் கேட்ட கதைக்கு அவரவர் ஒழுங்காக வேலை செய்திருக்கிறார்கள். புகை போகவும் வழியில்லை, காற்று வரவும் வழியில்லை. நடுவில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அங்கேதான் தொட்டிலையும் போட்டிருக்கிறீர்கள்.

நெருப்பு மூட்டாதீர்கள். டாக்டரிடம் போங்கள். அப்புறம் மூன்று பேரையும் ஒரே நேரத்தில், ஒரே அறையில் நிற்கவையுங்கள்.

டிசம்பர் 6

மாமா,

ஜீப் டிரைவரிடம் கடிதத்தைக் கொடுத்து, விரைவுத் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன் அடிக்கச் சொன்னேன். மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். யாரும் எடுக்கவில்லையாம்.

இப்போது அவரைத் திரும்பவும் கீழே அனுப்புகிறேன். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லப்போகிறார். பல்லியாக இருந்தால் இருக்கட்டும். இன்னொரு அதிகாரியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகட்டும்.

டிசம்பர் 10

மாமா,

தபால்காரம்மா உங்களை வெளியே கொண்டுவந்துவிட்டதாகவும், ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள் என்றும் டிரைவர் சொன்னார். நல்ல மூச்சு வந்தது எனக்கும்.

எனக்கு ஒரே ஒரு வரி வேண்டும். பதினைந்தாம் தேதி ஜீப்பில் நான் ஏறலாமா, கூடாதா? அந்த அறையில் குழந்தையைப் படுக்க வைக்கலாமா? நீங்கள் எழுதுவதில் எது நிஜம் என்று பிரித்துப் பார்க்க எனக்கு இப்போது தெம்பில்லை. தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லவில்லையென்றால் இங்கேயே இருந்துவிடுகிறேன்.

டிசம்பர் 13

மருமகளே,

முதலில் மீட்புப் படலம். தபால்காரம்மா உறையை வாசலில் நின்று உரக்கப் படித்தார். அந்தக் குரலுக்கே கதவு பயந்து தானாகத் திறந்துகொண்டது. உள்ளே வந்தவர் என்னை இடது கையால் தூக்கித் தோளில் போட்டார். வலது கையில் தபால் பை. போகிற வழியில் இரண்டு வீட்டுக்குத் தபாலும் கொடுத்துவிட்டுத்தான் என்னை இறக்கிவைத்தார். மாலையில் தீயணைப்பு வண்டிகள் வந்தன. எண்ணிப் பார்த்தேன், எண்கள் தீர்ந்துவிட்டன.

ஆஸ்பத்திரியில் என் மூக்கில் ஒரு குழாயை மாட்டினார்கள். நான் இழுத்த இழுப்பில் அந்த ஊர்க் காற்றே கொஞ்சம் குறைந்துபோயிற்று.

இனி நீ கேட்ட மகாநாடு. மூவரும் ஒரே அறையில் நின்றார்கள். அன்றுதான் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

"உச்சியில கல்லு வெச்சது யாரு?" என்றார் சிம்னிக்காரர்.

"நான்தாங்க. தகடு பறந்துபோச்சுன்னு இவர்தான் சொன்னாரு."

"பறந்துபோச்சா? நான் திருகாணி போட்டு வெச்சிருக்கேன். குனிஞ்சு பாருங்க."

கொத்தனார் சிரமப்பட்டுக் குனிந்து பார்த்தார். நிமிரும்போது அவர் முகம் சரியில்லை. "அதை எதுக்குங்க மூடினீங்க?"

"யானை காது கருகுதுன்னாரு."

"எங்கிட்ட ஓடம்னாரு."

தச்சர் வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "எங்கிட்ட எலிக்குப் பல்லக்கு" என்றார்.

மூவரும் என் பக்கம் திரும்பினார்கள். கூரையில் ஒரு கறை, நான் அதைக் கூர்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"சார், இங்க பாருங்க. நெசமா எவ்ளோ தண்ணி வந்துச்சு?" என்றார் சிம்னிக்காரர்.

"அரை டம்ளர் இருக்கும்."

"தவளை?"

"ஈரம் இருந்தது."

தச்சர் போய்ப் பலகையைப் பிடுங்கினார். சிம்னிக்காரர் திருகாணியைக் கழற்றினார். கொத்தனார் மேலே ஏறிக் கல்லை எடுத்துவிட்டு, நாலு காலில் நிற்கிற தகரக் குல்லாய் ஒன்றை மாட்டினார், மழையும் வராது, புகையும் தங்காது. கடைசியில் சிம்னிக்காரர் கெட்ட காற்று வந்தால் கத்துகிற ஒரு சின்னப் பெட்டியைச் சுவரில் மாட்டி, "இதுகிட்ட மட்டும் கதை சொல்லாதீங்க சார், இதுக்குப் புரியாது" என்றார்.

அவர்கள் போன பிறகு நான் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி நெருப்பை மூட்டி உட்கார்ந்தேன். எத்தனை காலம் உட்கார்ந்தேன் என்று கேட்காதே. தாடி வளர்ந்து கணப்பைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. வெளியே ஆட்சிகள் மாறின. சிலந்திகள் என் காதுக்கும் கதவுக்கும் பாலம் கட்டி, அதில் போக்குவரத்தும் தொடங்கிவிட்டன. தபால்காரம்மா வாசற்படியில் உட்கார்ந்து அடிக்கடி, "இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தார். "இருக்கேம்மா" என்று சொல்லிச் சொல்லியே என் குரல் உடைந்து, மீண்டும் வாலிபக் குரல் வந்துவிட்டது.

இதில் எதையும் நீ நம்ப வேண்டாம். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். தொட்டில் இருக்கிற இடத்திலேயே நாற்காலியைப் போட்டு, கதவும் ஜன்னலும் சாத்தி, நெருப்பை அணையவிடாமல், காலையிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்து பார்த்துவிட்டேன். பெட்டி கத்தவில்லை. தலை வலிக்கவில்லை. ஜீப்பில் ஏறு.

மாமா